அலையின் உயரம்

நியூசிலாந்தின் டனீடின் நகரக் காற்றில் குடை பிடிப்பவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஒருவனுடைய குடை திரும்பிக்கொண்டு தன் தோளில் இடித்தபோது நைரீக்கு அது உறுதியாகிவிட்டது.

“மன்னிச்சிடுங்க... குடை என் பேச்சைக் கேக்கல.”

“இந்த ஊர்ல அது யார் பேச்சைத்தான் கேக்கும்?”

சிரித்தான். மழைத்துளி நிற்கும் இமைகள்... ஒளித்து வைக்கத் தெரியாத கண்கள். வடக்கே நெல்சன் ஊர் வெயிலில் வளர்ந்தவனாம், பெயர் ஃபின்லே. பஸ் வரும்வரை அவளுடைய சீஸ் ரோலில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியையும் பார்த்தான். அன்று வீடு திரும்பியவள் காரணமில்லாமல் பாடிக்கொண்டே சூப் சூடாக்கினாள்.

மறுநாள் அவளுடைய ஆய்வகத்திலேயே நின்றான். எலிகளுக்கு மூளையில் ஊசி போட வந்தவனாம். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த எலிகளின் மூளை அலையை அளக்கப்போவது இவள்தான் என்று பேராசிரியை மெரே சொன்னதும் மலர்ந்த முகம் வாடியது. சட்டென்று திரும்பிப் போய்விட்டான்.

எலி நடக்கும்போது ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் ஒரு மின் அலை எழும். அதற்குத் தெம்பூட்டும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளை மட்டும் தேடிக் கொல்லும் நஞ்சு பாதி எலிகளுக்கு; மற்றவற்றுக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்பது ஊசி போட்டவனுக்குத் தெரியும். அளப்பவளுக்குத் தெரிந்தால் ஆய்வே செல்லாது.

சில எலிகளின் அலையில் வேகம் அப்படியே இருந்தது; உயரம்தான் போயிருந்தது. நானும் இப்படித்தானே என்று நினைத்துக்கொள்வாள் நைரீ. வேலை, பஸ், ஒருத்திக்கு மட்டும் சூப்... எதுவும் நிற்கவில்லை, எதிலும் உயிரில்லை.

குளிர்காலம் முழுக்க அவன் விலகியே இருந்தான். தேநீர் அறையில் இவள் நுழைந்தால் கோப்பையோடு எழுந்து போவான். போனால் போகட்டும் என்று இவளும் வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகம் வலித்தது.

வசந்தத்தில், எந்த எலிக்கு எது என்ற ரகசியம் உடைக்கப்பட்டது. அலை குன்றியவை என்று அவள் பிரித்த எலிகள்தான் நஞ்சு வாங்கியவை. எல்லோரும் கைதட்டினார்கள். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நைரீ கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே ஓடிவந்தான் ஃபின்லே.

“இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?” என்றாள். “நான் என்ன தப்பு பண்ணேன்?”

“தப்பு என் மூஞ்சிமேல. சீட்டாட்டத்துல ஒருதடவைகூட ஜெயிச்சதில்ல நான். ஏதாவது ஒரு எலியைப் பத்தி நீங்க பேச்செடுத்தா போதும், நஞ்சா உப்புநீரான்னு என் முகமே சொல்லிடும். உங்க உழைப்பெல்லாம் வீணாப் போயிடும்.”

“அதுக்காக ஒரு குட்மார்னிங்கூடவா கிடையாது?”

“அதுக்கு நின்னா... அப்புறம் என்னால நகர முடியாதுங்க.”

கோபம் உடனே போய்விடவில்லை. தனியாகக் குடித்த சூப்பெல்லாம் ஞாபகம் வந்து கண் கலங்கியது. சரியான மடையன் என்று வாய்விட்டே திட்டினாள். அவன் தலையாட்டி ஒத்துக்கொண்டான்.

“இனி மறைக்க ஒண்ணுமில்லையே... என்னை நேராப் பாருங்க.”

பார்த்தான். பாவம், அந்த முகத்தால் உண்மையிலேயே எதையும் மறைக்க முடியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நானும்தான் ஃபின்லே,” என்றாள் நைரீ.