எண்பது பவுண்டு காற்று

அந்த இன்ஜின் கடைசியாகச் சுழன்று நாற்பத்தொரு நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தது. ஆனாலும் இரண்டாவது சிலிண்டர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மற்ற மூன்றும் தரையைப் போலச் சில்லிட்டிருந்தன. இதில் மட்டும், தூங்கி எழுந்தவர் நெற்றியில் இருக்கும் சூடு. வெயிலாக இருக்க முடியாது. ஹேங்கரின் பெரிய கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. மூன்று மணி வெளிச்சம் விமானத்தின் வாலைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது.

“என்ன, தொட்டுத் தொட்டுப் பாக்கறே? அதுக்கு ஜுரமா?” கேப்டன் கதவருகிலிருந்தே கேட்டார். பயிற்சிப் பள்ளி அவருடையது.

“ஒரு சிலிண்டர் சூடா இருக்கு சார்.”

“உன் மண்டைதான் சூடா இருக்கு. நாளைக்குக் காலைல ஒரு பொண்ணு இதுல முதல் தடவையா தனியாப் பறக்கப் போறா. இன்ஜினுக்கு உள்ள அடி பட்டிருக்கா இல்லையா, அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடு.”

“புரொப்பெல்லரைப் பிடிக்க ஒரு ஆள் வேணும் சார்.”

“நான் அதைத் தொடமாட்டேன். கயித்தைப் போட்டுக் கட்டிக்கோ. பேய்க்கெல்லாம் லைசென்ஸ் கிடையாதும்மா, உனக்குத்தான் இருக்கு.” சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் திரும்பி நடந்தார். “உங்க அக்கா ஆபீஸ்ல உக்காந்திருக்காங்க. அவரோட டூல் பாக்ஸ் வேணுமாம்.”

அவர் என்பது அத்தான். அக்காவின் கணவர். ஏழு வருடம் இதே ஹேங்கரில் அவளோடு வேலை பார்த்தவர். நாற்பத்தொரு நாளுக்கு முன், எண்ணெய் பரவட்டும் என்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றினார். இன்ஜின் உதைத்து, பிளேடு அவரை அடித்தது. ஒரே ஒரு சுற்றுதான். சாவியை ஆன் நிலையில் மறந்துவிட்டார் என்று விசாரணை அறிக்கை எழுதியது. அக்கா அவர் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. “எங்களை நினைச்சுப் பாத்திருந்தா இப்படி மறப்பாரா?” என்று தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டாள். தங்கை குனிந்து சாப்பிட்டாள்.

சாவியைக் காக்பிட் கண்ணாடிக்கு அடியில், வெளியிலிருந்து தெரியும்படி வைத்தாள். அது அத்தானின் பழக்கம். புரொப்பெல்லரைத் தொடுமுன் “சாவி எங்க?” என்று கேட்பார். “மேல இருக்கு” என்று அவள் சொன்னால்தான் தொடுவார். ஆனால் பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. சுற்றினாலே பொறி கொடுக்கும். சாவி அணைந்திருக்கும்போது அதை அடக்கி வைப்பது பின்புறத்து வயர் ஒன்றுதான். அது கழன்றிருந்தால், சாவி வெளியே இருந்தாலும் இன்ஜின் உதைக்கும். அவள் இடது மேக்னெட்டோவின் பக்கம் பார்க்கவில்லை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாள். பிளேடைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். பிளக் துளையில் ஹோஸைத் திருகி, எண்பது பவுண்டு காற்று விட வேண்டும். கசிவு எவ்வளவு என்று மீட்டர் காட்டும். எங்கே கசிகிறது என்று காது சொல்லும். எப்போதும் இதற்கு இருவர். அத்தான் பிளேடைப் பிடிக்க, அவள் வால்வைத் திறப்பாள். பிடி விட்டால் காற்று பிஸ்டனைத் தள்ளும், பிளேடு வீசும்.

“காத்து விடவா?” வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. திறந்தாள். கயிறு இறுகி முறுக்கியது. எண்பதில் எழுபத்தாறு நின்றது. நல்ல சிலிண்டர். அடுத்தது எழுபத்தைந்து. அதற்கடுத்தது எழுபத்தாறு. ஒவ்வொரு முறையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் கம்ப்ரசரின் தடதடப்பு மட்டும்.

சூடான சிலிண்டரைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பிளேடைத் திருப்பி, மறுபடி கட்டி, ஹோஸை மாட்டினாள்.

“காத்து விடவா?”

“விடு.”

கை முன்பே திறந்துவிட்டிருந்தது. மீட்டர் எண்பதில் நின்றது. எண்பதேதான். எந்த இன்ஜினும் அப்படி நிற்காது. ஆனாலும் எண்ணெய் ஊற்றும் குழாயிலிருந்து சீறல் வந்தது, பழைய எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனையோடு. கசிவு என்றால் காற்று வெளியேதான் வரும். இது உள்ளேயும் இழுத்தது. வெளியே. உள்ளே. நிதானமாக.

கயிற்றைப் பார்க்க ஓரடி முன்னால் வந்தாள்.

கயிறு தரையில் கிடந்தது. அவிழ்த்து, சுருட்டி, அத்தான் வைப்பதுபோல முனையை உள்ளே செருகி.

பிளேடு அசையவில்லை. அவள் அதன் பாதையில் நின்றிருந்தாள். பின்னால் நகர்ந்தாள். அவள் நகர்ந்த அளவு பிளேடும் நகர்ந்தது. நின்றாள். நின்றது. வால்வு இரண்டடி பின்னால்.

பிளேடின் விளிம்பில், நாற்பத்தொரு நாள் தூசியில், நான்கு விரல்களின் தடம். அழுந்தியபடி.

“சாவி எங்க?”

குழாய்க்குள்ளிருந்து. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே சாவி இல்லை.

“சுவிட்ச்ல,” என்றாள். விசாரணையில் சொன்ன அதே குரல். “நீங்கதான் மறந்துட்டீங்க அத்தான்.”

ஒரு விரல் எடுபட்டது. பிளேடு நடுங்கியது.

“சாவி எங்க?”

அவள் தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். இன்னொரு விரல்.

கதவில் செருப்புச் சத்தம். “யாருகிட்டடி பேசிட்டிருக்க?” அக்கா. கையில் அத்தானின் டூல் பாக்ஸ். “அந்த ஆளு எங்க நின்னுட்டிருந்தாருன்னு காட்டு. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்.”

“வராதக்கா!”

“ஏன், உனக்கு மட்டும்தான் சொந்தமா?” அக்கா நடந்து வந்தாள். மறுபக்கத்து பிளேடின் கீழே வந்து நின்றாள். சரியாக அத்தான் நின்ற இடம்.

மூன்றாவது விரல் எடுபட்டது.

குழாயின் மூச்சு நின்றுவிட்டது. கம்ப்ரசரும். தூசியில் ஒரே ஒரு விரல். அதன் நுனி வெளுத்திருந்தது.

“சாவி எங்க?”

“என்னடி அது, யாரு கேக்கறா?” என்றாள் அக்கா.

அந்த விரல் மெதுவாக நிமிரத் தொடங்கியது.

“மேலதான் இருந்துச்சுக்கா. அவர் மறக்கல. மேக்னெட்டோ வயரைக் கழட்டிட்டுத் திருப்பி மாட்டாம விட்டது நான். அவர் விழுந்தப்புறம், சாவியை எடுத்து சுவிட்ச்ல போட்டு, ஆன் பண்ணி வெச்சதும் நான்.”