கொல்லை மண்

மண்ணில் என்ன இருக்கிறது, எல்லாம் மண்தானே. கொல்லையில் மண் எடுத்த அன்றும் அப்படித்தான் நினைத்தாள். இப்போதும் மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டாள்.

கீழ்க்காட்டு மரங்கள் வெக்கை தாங்காமல் நின்ற இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் விதைகளை முளைக்கவைத்து, குளிர்ந்த மலைக்கு அனுப்புவது அவள் வேலை. ஒவ்வொரு கன்றோடும் தாய்மரத்தடி மண் ஒரு பிடி போகவேண்டும். பழகிய மண் இல்லாமல் புது இடத்தில் வேர் பிடிக்காது. கடைசிச் சுமைக்கு அந்த மண் தீர்ந்துபோயிருந்தது. காட்டுக்குப் போய்வரச் சோம்பி, வீட்டுக் கொல்லையில், மகள் தவழ்ந்து நடை பழகிய இடத்தில் மண் வெட்டி, அந்தக் கன்றுகளுக்குப் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

லாரி ஓட்டும் அண்ணன் மலையிலிருந்து போன் செய்தான்.

"உன் புள்ளைங்க ரொம்ப சமத்து. ஒண்ணுகூட வாடல. என்னை மாமான்னு கூப்பிடாததுதான் குறை." சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா கடைசிச் சுமையில வந்தது எதுவும் வெளிச்சத்துப் பக்கம் திரும்பல. எல்லாம் கீழ, உன் வீட்டப் பாத்தே சாயுது. பாப்பா எப்படியிருக்கா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

பாப்பா சில நாட்களாகச் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும், குடம் குடமாக.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் மழையே காணாத அந்த வீட்டுக்குள் நனைந்த மண்ணின் வாசம் கூடத்தைக் கடந்து, சுவரோரமாக ஊர்ந்து, மகளின் அறைக்கதவருகே வந்ததும் தொண்டையை அடைக்கும் அளவுக்குக் கனத்தது.

"பாப்பா?"

கதவைத் தள்ளினாள்.

சிமெண்டு பெயர்ந்த மூலையில் மகள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். மலைப்பக்கம் சாய்ந்து. யாராயிருந்தாலும் விழுந்திருக்கவேண்டிய சாய்வு. விழவில்லை.

"இங்க சுடுதும்மா. எல்லாரும் மேல போயிட்டாங்க. என்னையும் அனுப்பு."

ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. மறுபடி தூக்கினாள். தரைக்கடியில் ஏதோ அறுந்தது. நூல் போல. மெல்ல.

"இழுக்காதம்மா, வலிக்குது." குழந்தையின் குரலில் அழுகை இல்லை. "சுத்தித் தோண்டி எடு. அப்படித்தானே எடுப்ப?"

குனிந்து மகளின் குதிகாலைத் தடவினாள். குளிர்ந்திருந்தது. குதிகால் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை.

அப்படியே இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அணைத்த கைக்குள் அந்தச் சின்ன உடம்பு மலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"தோண்டும்மா."

"மாட்டேன் கண்ணு," என்றாள், மெதுவாக.