நிற்கிற வண்டியில் சத்தம்

கார் ரிப்பேர் ஷெட்டில் போன் அலறியது.

மற்ற நாளாக இருந்தால் மெக்கானிக்கின் மனைவி பில் மேஜையிலிருந்தே தகரத் தடுப்பை ஸ்பேனரால் தட்டியிருப்பாள். டொக்... டொக்... என்று நிதானமாக இரண்டு. பிறகு படக்கென்று ஒன்று. 'உங்க போன் அடிக்குது, செவிட்டு மனுஷா' என்று அதற்கு அர்த்தம்.

இன்று அவள் இல்லை. ஒன்பது மணிக்கு உதிரிபாகக் கடைக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

மெக்கானிக் கிரீஸ் கையோடு போனை எடுத்தார். அவளுடைய நம்பர்தான்!

"சொல்லும்மா..."

"சொல்றேன்" என்றது ஓர் ஆண் குரல். "உன் பொண்டாட்டி எங்ககிட்ட இருக்கா. கத்தாதே. வாசல்ல சாம்பல் கலர் கார் நிக்குது பார்... உள்ளே விடு."

மெக்கானிக் ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

கார் உள்ளே வந்தது. பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் இறங்கினான். பின்சீட்டில் புது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அடங்கிய அட்டைப்பெட்டி.

"பின்பக்கம் தொங்குது. நிமிர்த்தணும். செக்போஸ்ட்ல ஒரு பய திரும்பிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆ... ஆறு மணி நேரம் சார்."

"மூணு!"

"பின்னாடி மட்டும் ஏத்தினா வண்டி மூக்கு குத்தி நிக்கும் சார். நாலும் மாத்தணும். போல்ட்டெல்லாம் துரு... எண்ணெய் விட்டு ஊறணும்..."

"மூணுன்னா மூணு! அரை மணிக்கு ஒரு தடவை நான் என் ஆளுக்குப் போன் பண்ணுவேன். பண்ணலேன்னா உன் பொண்டாட்டி காலி. செலவு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை."

"சாமான் உங்களோடது, லேபர் மட்டும்தான் சார்... அலைன்மென்ட் தனி."

பழக்க தோஷம்! சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. பச்சைச் சட்டை விழுந்து விழுந்து சிரித்தான்.

பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, காரைத் தூக்குகிற லிப்டில் வண்டியை ஏற்றினார். முன் சக்கரங்களைக் கழற்றினார். இருபத்தைந்து வருடமாக நழுவாத ஸ்பேனர் இன்று மூன்று தரம் நழுவியது. கடவுளே, அவளை எங்கே வைத்திருக்கிறார்கள்?

அரை மணி ஆனதும் பச்சைச் சட்டை போனைக் காதில் வைத்தான்.

"ம்... வேலை நடக்குது... அவ அழறாளா? அழட்டும், விடு."

மெக்கானிக் பல்லைக் கடித்தார். வேறு என்ன செய்ய முடியும்?

பதினொன்றரைக்கு ஒரு காக்கிச் சட்டை உள்ளே நுழைந்தது! எதிர் போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்!

"யோவ்! ரெண்டு மணி நேர வேலைன்னு சொன்னே. என் வண்டி மூணு வாரமா ஓரமா நிக்குது!"

மெக்கானிக் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் பச்சைச் சட்டை நிதானமாகப் போனைத் தூக்கிக் காட்டினான்.

"நா... நாளைக்கு சார்."

"உன் 'நாளைக்கு'க்குத் தீ வைக்க!"

இன்ஸ்பெக்டர் போய்விட்டார். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! அதைச் சொல்ல முடியாத பாவியாகிவிட்டேனே என்று மெக்கானிக்கின் கண்ணில் நீர் முட்டியது.

பன்னிரண்டேகாலுக்கு முன்பக்கம் முடிந்தது.

"டிக்கி சாவி குடுங்க சார்."

"எதுக்கு?" பச்சைச் சட்டையின் முகம் மாறியது.

"பின் ஷாக்கோட மேல் நட்டு ரெண்டும் டிக்கிக்குள்ளதான் இருக்கு. திறக்காம கழட்ட முடியாது."

"வெளியிலிருந்தே கழட்டு!"

"சத்தியமா முடியாது சார்! எந்த மெக்கானிக்கை வேணா கேளுங்க!" தன்னையறியாமல் கத்திவிட்டார்.

அந்தக் கத்தலுக்குப் பதில் போல...

டொக்... டொக்... டொக்!

"என்ன சத்தம்?" பச்சைச் சட்டை வெடுக்கென்று கேட்டான்.

"பழைய ஷாக் சார். லூஸாகி அடிச்சுக்குது."

"அதுக்குத்தானே மாத்தச் சொல்றேன்!" அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

மடையன்! ஷாக் ஓடுகிற வண்டியில் சத்தம் போடும். லிப்டில் தொங்குகிற வண்டியில் எப்படிப் போடும்? அதுவும் நிதானமாக இரண்டு... படக்கென்று ஒன்று!

அவள் டிக்கிக்குள் இருக்கிறாள்!

அப்படியானால் இவன் இத்தனை நேரம் போனில் பேசியது யாரிடம்? யாரிடமும் இல்லை! ஆளும் இல்லை, ஒளித்து வைக்க இடமும் இல்லை!

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சார், டிக்கிக்கு வேற வழி பார்க்கலாம். முதல்ல முன்பக்கத்துக்குக் கடைசி முறுக்கு போட்டுடறேன். அதுக்கு வண்டி தரையில நிக்கணும், டிரைவர் சீட்ல ஆள் உக்காரணும். எடை இல்லாம முறுக்கினா ரப்பர் புஷ் கிழிஞ்சிடும்."

அது நிஜம்தான். அதனால்தான் பொய் போலத் தெரியவில்லை.

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார். அட்டைப்பெட்டியை எடுக்கிற சாக்கில் பின்கதவுகளின் ஓரத்தில் இருந்த, உள்ளிருந்து திறக்க விடாத சைல்டு லாக்கைத் தள்ளிவிட்டார். பச்சைச் சட்டை டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்குங்க சார்... அசையாதீங்க."

பட்டனை அழுத்தினார். லிப்ட் உறுமியது. வண்டி ஏறியது... ஏறியது... ஆறடி!

"டேய்! ஏன்டா தூக்கறே?"

முன்கதவு ரெண்டும் லிப்ட் தூண்களின் மேல்பாதியில் புடைத்திருந்த இரும்புப் பெட்டிகளில் இடித்து நாலு விரல்கடைதான் திறந்தன. பின்கதவு அசையவே இல்லை. கண்ணாடி இறக்கும் பட்டனைக் குத்திக் குத்திப் பார்த்தான்.

"பாட்டரி ஒயரை வந்ததுமே கழட்டிட்டேன் சார்."

"இறக்குடா! ஒரு போன் போட்டா உன் பொண்டாட்டி..."

"போடுங்க சார், தாராளமா! அவ உங்க கூடத்தான் மேல இருக்கா!"

அதற்குப் பிறகுதான் மெக்கானிக்கின் தொண்டை திறந்தது. இரண்டரை மணி நேரம் அடைத்து வைத்த அலறல்! எதிர் ஸ்டேஷனே ஓடி வந்தது.

வண்டியை இறக்கினார்கள். பச்சைச் சட்டையை இழுத்து விலங்கு மாட்டினார்கள். டிக்கி திறந்தது. காலையில் ஊரின் வெள்ளிப் பட்டறையில் திருடுபோன வெள்ளிக் கட்டிகள்... அவற்றின்மேல், கையைக் கட்டி, வாயில் பிளாஸ்திரி ஒட்டி, அவள்! உதைத்து உதைத்து ஒரு செருப்பு பிய்ந்திருந்தது.

மெக்கானிக் அவளைத் தூக்கி நிறுத்தி, கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, குழந்தை மாதிரி அழுதார்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முன் சக்கரங்களைப் பார்த்தார்.

"ஏன்யா, திருட்டுப் பய வண்டிக்கு ரெண்டு மணி நேரத்துல முன்பக்கம் முழுசா முடிச்சிருக்கே... என் வண்டி மட்டும் என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

மனைவி பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தாள்.

"உங்க வண்டி டிக்கியிலயும் என்னைக் கட்டிப் போடுங்க சார்... சாயங்காலமே ரெடியாயிடும்!"