ஜமீனின் கள்ளப்பசி

காலை ஏழே கால் மணிக்குத் தென்முனைக் குடியிருப்பில் பசியைத் திறந்துவிடுவார்கள். அரை மணி நேரம் வரும். ஏழே முக்காலுக்கு நிறுத்திவிடுவார்கள். மாலை ஆறரைக்கு இன்னொரு அரை மணி. நடுவில் எவ்வளவு வற்புறுத்தினாலும் யாருக்கும் ஒரு வாய் இறங்காது.

நிலவின் தரைக்கு அடியில் சுரங்கம் தோண்டி வாழும் நாலாயிரம் பேருக்கு உணவு அளந்துதான் விளைகிறது. அதனால் ஒவ்வொருவர் விலாவுக்குக் கீழேயும் ஒரு பசிச்சில்லு. பசி வாரியத்தில் பொத்தானை அமுக்கினால் நாலாயிரம் வயிறும் ஒரே நேரத்தில் கத்தும். குளித்துக்கொண்டிருப்பவர்கள் ஈரத்தலையோடு ஓடிவருவார்கள். இதைப் பற்றி யாருக்கும் குறையில்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நெல்லைப் பக்கத்திலிருந்து முதல் கப்பலில் வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை இது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

சொர்ணம் காற்றுச்சல்லடை பழுதுபார்ப்பவள். ஒண்டிக்கட்டை. உறவென்று இருந்தது ஜமீன் ஒன்றுதான். மூடிப்போன ஓர் ஆய்வுக்கூடத்தில் மிஞ்சிய முயல் அது. காலை மடக்கி, கண்ணைப் பாதி மூடி, எல்லோரும் தனக்குக் கடன்பட்டவர்கள் என்பதுபோல உட்காரும். அதனால் அந்தப் பெயர். இரண்டு மாதமாகத் தனக்குப் பசி வரும் அந்த இரண்டு அரை மணிகளில் அதற்கும் தன் தட்டிலிருந்தே பயற்றுமாவுக் கட்டியைப் பிட்டுக் கொடுத்துவந்தாள்.

அன்று காலை ஜமீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முந்தின மாலையும் சரியாகத் தின்னவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்கி, பல்லை நறநறவென்று கடித்தது. அது படுக்கும் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. அதற்குப் பசி அடைத்துக்கொண்டது என்று சொர்ணம் முடிவுகட்டினாள். அந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பார்கள். முயலைக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே பசி வாரியத்துக்கு ஓடினாள்.

அங்கே குறைகேள் எந்திரம் உட்கார்ந்திருந்தது. "பயனாளியின் சில்லு எண்ணைச் சொல்லவும்."

"சில்லு கிடையாது. இது முயல். ரெண்டு வேளையா ஒண்ணும் திங்கல. இதுக்குக் கொஞ்சம் பசியத் தொறந்து விடுங்க."

"சில்லு எண் இல்லாதவருக்குப் பசி வழங்க இயலாது."

"அப்ப சில்லு வச்சு விடுங்க!"

"சில்லு பொருத்த மனு அளிக்கவும். மூன்று வேலை நாட்களில் ஆய்வாளர் வருவார்."

"மூணு நாளு இது உசுரோட இருக்குமா?"

"மனுவில் அவசரம் என்ற கட்டம் உள்ளது. அதைக் குறித்தாலும் மூன்று நாட்கள்தான்."

சொர்ணத்துக்கு அந்த எந்திரத்தின் கழுத்தைத் திருக வேண்டும்போல் இருந்தது. அதற்குக் கழுத்தும் இல்லை. மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவக் கூடத்துக்குப் போனாள். அங்கிருந்த எந்திரம் முயலின் விலாவைத் தடவியது, சில்லு தட்டுப்படவில்லை. "நோயாளி வரவில்லை. அடுத்தவர்" என்றது. சொர்ணம் கத்தினாள். அடுத்தவரும் சேர்ந்து கத்தினார், தன் நேரம் போகிறதென்று.

அழுகையும் ஆத்திரமுமாகக் கோதுமைச் சுரங்கம் வழியே திரும்பினாள். அங்கே கதிர் அறுத்துக்கொண்டிருந்த மைதீன் பாத்து பைக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தில் கூண்டு கழுவியவள் அவள்.

"என்னட்டி குடுத்த இதுக்கு?"

"நான் திங்குறதத்தான்க்கா. ரெண்டு வேளையும் தவறாம."

பாத்து முயலின் வயிற்றை இரு பக்கமும் மெல்ல அமுக்கிப் பார்த்தாள். "கல்லு மாதிரி வீங்கல. பொழச்சோம். வீங்கியிருந்தா வாயில எதையும் திணிக்கக் கூடாது. ஏட்டி, முயலு நாள் முழுக்க நாரு மெல்லணும். மென்னுக்கிட்டே இருந்தாத்தான் கொடலு ஓடும். நீ மாவக் குடுத்து, மணி பாத்துக் குடுத்து, அத நிறுத்திப்புட்ட."

தரையில் குவிந்து கிடந்த காய்ந்த கோதுமைத் தாளை ஒரு கட்டு அள்ளி, கூடவே ஒரு பிடி பச்சைத் தாளும் வைத்துக் கொடுத்தாள். மறுசுழற்சிக்குப் போக வேண்டிய குப்பை அது.

"எத்தன மணிக்குக் குடுக்கணும்க்கா?"

"எப்ப வேணுமோ அப்ப."

"எனக்கு எப்பன்னு எப்படித் தெரியும்?"

"ஒனக்கு எதுக்குட்டி தெரியணும்? அதுக்குத் தெரியும்."

சொர்ணத்துக்கு இது புரியவே இல்லை. ஆனாலும் பாத்து சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். பச்சைத் தாளை அரைத்து வெந்நீரில் கரைத்து, ஊசியில்லாத மருந்துக்குழலில் எடுத்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஜமீன் பாதியைத் துப்பியது. வயிற்றை வட்டமாக நீவினாள். துணியைச் சுடவைத்துப் போர்த்தினாள். மறுபடியும் குழல், மறுபடியும் துப்பல். "முழுங்கித் தொலையேன்!" என்று ஒரு தடவை அதட்டிவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டாள். அன்றைய ஆறரை மணிப் பசி வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் அது படுக்கும் தட்டில் மிளகு அளவில் நாலு புழுக்கை கிடந்தது. அவ்வளவு சந்தோஷம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பாத்துவிடம் காட்டினாள்.

மூன்றாம் நாள், சொன்னபடியே உதவிப் பசி ஆய்வாளர் ஆவுடையப்பன் சில்லுப்பெட்டியோடு வந்தார். மணி பத்தே முக்கால். ஜமீன் மொறுமொறுவென்று தாளைத் தின்றுகொண்டிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"இந்நேரத்துல இதுக்கு எவன் பசியத் தொறந்து விட்டான்? கள்ளப்பசியா?"

"யாரும் தொறக்கல அண்ணாச்சி. தானா வருது."

"தானா எப்படிம்மா வரும்? நான் இருவது வருசமா இந்த வேலையில இருக்கேன்." பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். "மனு குடுத்தாச்சு, சில்லு வச்சுத்தான் ஆவணும்."

சொர்ணம் முயலின் மேல் கவிழ்ந்துகொண்டாள். "வச்சீங்கன்னா ஒரு நாளுக்கு இருவத்திமூணு மணி நேரம் வாயத் தொறக்காது. கொடலு நின்னு செத்துரும். இந்தக் கண்றாவிய எவன் அண்ணாச்சி கண்டுபிடிச்சான்?"

ஆவுடையப்பனுக்குப் பயிற்சி வகுப்புப் பாடம் மனப்பாடம். "பூமியில அப்ப எல்லாருக்கும் வயித்து வியாதி. பசிச்சா மட்டும் சாப்பிடுங்கன்னு நூறு வருசம் டாக்டருங்க கெஞ்சினாங்க. ஒருத்தரும் கேக்கல. மணி ஒண்ணாச்சுன்னு சாப்பிட்டாங்க. நாலாச்சுன்னு காப்பியும் பஜ்ஜியும். விருந்துல எலை போட்டாச்சேன்னு, படம் பாக்கும்போது கையி சும்மா இருக்கேன்னு சாப்பிட்டாங்க. பசிக்குதான்னு ஒருத்தரும் வயித்தக் கேக்கல. சரி, பசிக்கும்போது இவங்கள சாப்பிட வைக்க முடியாது, சாப்பிடும்போது பசிக்கவாவது வைப்போம்னு இதக் கண்டுபிடிச்சாங்க. இங்க சாப்பாடும் அளவுதானேன்னு நம்மளும் வச்சுக்கிட்டோம்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஜமீன் மெல்வதை நிறுத்தியது. முன்னால் இன்னும் அரைக்கட்டுத் தாள் கிடந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காலை நீட்டிப் படுத்தது.

"ஏன் நிப்பாட்டிட்டுது? இன்னும் கெடக்கே?"

"வயிறு நெறஞ்சிருக்கும் அண்ணாச்சி."

மிச்சம் வைத்துவிட்டுப் படுத்த ஓர் உயிரை ஆவுடையப்பன் அதுவரை கண்டதில்லை. பிறகு ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மனுவின் மேல், நிராகரிக்கும் காரணம் என்ற இடத்தில் எழுதினார்:

"சில்லு தேவையில்லை. மனுதாரரின் முயலுக்கு மணி பார்க்கத் தெரியாது."