கிரேபர்னுக்கு ஓர் இரவல்

கூரியர்க்காரர் வழக்கம்போல நீலப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடித்தளத்து மேசைமேல் வைத்தார். ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டில் ஜூலை குளிர்காலம்; பிற்பகலிலேயே இருட்டிவிடும். ஜன்னல் இல்லாத எங்கள் அறைக்கு அது தெரியாது. அங்கே எப்போதும் ஒரே வெளிச்சம், சுவருக்குள் வெந்நீர்க் குழாயின் ஒரே முனகல்.

ஒரு பெட்டி மட்டும் ஈரமாக இருந்தது.

“வெளியே மழையா?” என்று கேட்டேன்.

“மழையே இல்லம்மா. இதை வண்டியில ஏத்தின ஞாபகம்கூட இல்ல. இறக்கும்போது இருந்துச்சு.”

பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் பிரிவு என்பது நானும் என் மேலாளர் க்ளெனிஸும்தான். எங்களிடம் இல்லாத புத்தகத்தை யாராவது கேட்டால், அதை வைத்திருக்கும் நூலகங்களைக் கணினி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒன்று மறுத்தால் அடுத்தது. சம்மதித்த நூலகம் புத்தகத்தை அனுப்பும். வாசகரின் பெயரும் திருப்பவேண்டிய தேதியும் அச்சிட்ட காகிதப் பட்டையை நாங்கள் அட்டைமேல் சுற்றிக் கொடுப்போம். அவர்கள் கேட்கும்போது நாங்களும் கொடுக்கவேண்டும். அதுதான் முறை.

பெட்டிக்குள் இருந்தது ஆய்வு மாணவி ஐல்சா மக்ரே மாதக்கணக்கில் தேடிய புத்தகம். கிரேபர்ன் ஊர்க் குடும்பங்களைப் பற்றி ஒரு பாதிரியார் எழுதியது. மின்சாரத்துக்காக அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊர் அது. வெளியேற மறுத்து அங்கேயே இருந்துவிட்டவர்களைப் பற்றித்தான் ஐல்சாவின் ஆய்வு. எல்லா நூலகங்களும் மறுத்த பிறகு, பட்டியலில் கடைசியாக இருந்தது சம்மதித்திருந்தது.

கிரேபர்ன் பொது நூலகம்.

“இது ஏரிக்கு அடியில இல்ல இருக்கு?” என்றேன்.

க்ளெனிஸ் இறைச்சிப் பணியாரத்தைக் கடித்தபடி சிரித்தாள். “ஊரை முழுகடிச்சவனுங்க பட்டியல்லேர்ந்து பேரை எடுக்க மறந்துட்டானுங்க. நம்ம ஆளுங்க லட்சணம் அது. ஏதோ கிடங்குல கிடந்ததை எவனோ அனுப்பியிருக்கான். பட்டையைச் சுத்து, கண்ணு.”

அட்டையைத் துடைத்தேன். துணியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒட்டியது. மேட்டுநிலத்து ஏரிகளின் நிறம். சேற்று வாடை அன்று முழுவதும் என் விரல்களைவிட்டுப் போகவில்லை.

ஐல்சா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“செத்தவங்களைப் பத்தி எழுதி என்னத்தைக் கிழிக்கப்போற?” என்றாள் க்ளெனிஸ். “எவன் வேலை குடுப்பான்?”

“நீங்க ரிட்டயர் ஆனா இந்த வேலையே கிடைக்குமே,” என்றாள் ஐல்சா.

க்ளெனிஸ் அதை மறக்கவில்லை.

ஐல்சா வாசிப்பறையிலேயே உட்கார்ந்து படித்தாள். ஒரு பக்கத்தைக்கூட மடக்கவில்லை. தேதிக்கு முன்பே திருப்பிக் கொடுத்தாள். அவள்மேல் ஒரு குறையும் இல்லை. இதை நான் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்த வாரம் கிரேபர்னிலிருந்து எங்களுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. நூலின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஐல்சா மக்ரே என்று இருந்தது.

“அழிச்சிடுங்க,” என்றேன்.

“ஏன்? அவங்க குடுத்தாங்க. நாம குடுக்கவேண்டாமா?” க்ளெனிஸ் கண்ணடித்தாள். ‘அனுப்புகிறோம்’ என்பதை அழுத்தினாள்.

அச்சு இயந்திரம் ஒரு பட்டையைத் துப்பியது. புத்தகத்துக்குப் போதாத நீளம். ஐல்சா வந்ததும் க்ளெனிஸ் அதை அவள் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள். “உன்னை இரவல் கேட்டிருக்காங்கடி. இவ்வளவு நாள்ல உன்னைக் கேட்டு வந்த முதல் ஆளு.”

ஐல்சாவும் சிரித்துவிட்டாள். “எப்பத் திரும்பணும்?”

“மூணு வாரம்.”

அவள் படியேறிப் போனாள். பூட்ஸ் ஒலி கேட்டது. பிறகு அது தண்ணீரில் நடக்கும் ஒலியாயிற்று.

பிறகு அதுவும் இல்லை.

போலீசார் ஆற்றங்கரைவரை தேடினார்கள். அவளுடைய அம்மா தினமும் வந்து மேல்தளத்தில், மகள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தவணை முடியும் நாளில் திரையில் கிரேபர்ன் மறுபடி வந்தது. நீட்டிப்பு கேட்டிருந்தார்கள்.

“மறுத்திடுங்க, க்ளெனிஸ். அவ வந்திடுவா.”

க்ளெனிஸின் உதடு வெளுத்திருந்தது. “மறுத்தா வேற யாரையாவது கேப்பாங்க. இங்க வேற யாரு இருக்கா? நீயும் நானும்.”

நீட்டித்தாள்.

அம்மா மேலேதான் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்டில் ஐல்சா திரும்பினாள். காலையில் நான் விளக்கைப் போட்டபோது எங்கள் மேசையருகே நின்றிருந்தாள். முடியிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. மணிக்கட்டில் இருந்த பட்டை மட்டும் உலர்ந்திருந்தது. அம்மாவை வரவழைத்தேன். கட்டிக்கொண்ட அம்மாவை யாரோபோலப் பார்த்தாள்.

அவள் விரல் நுனிகளைப் பார்த்தேன். பலர் எச்சில் தொட்டுப் புரட்டிய பக்கங்களைப்போல அவை நைந்திருந்தன. காது மடல்கள் ஓரத்தில் மடிந்து, அப்படியே நின்றுவிட்டிருந்தன.

“வரிசையில நின்னு படிச்சாங்க, கொரின்,” என்று என் காதில் சொன்னாள். “குழந்தைங்ககூட.”

ஒரு துண்டை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

“முடிச்சதும், அடுத்து என்ன இருக்குன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

ஐல்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று பிற்பகல் என் பெயர் திரையில் வந்தது. நான் எழுந்து மேசையைச் சுற்றி வருவதற்குள் க்ளெனிஸ் அழுத்திவிட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துப் பட்டையை ஒட்டினாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“இரவல்தானே, கண்ணு. வந்திடுவ.”

கோட்டை மாட்டிக்கொண்டு, லிஃப்டில் ஏறி மேலே போய்விட்டாள்.

பட்டையைக் கிழிக்கப் பார்த்தேன். கத்தரியும் வெட்டவில்லை. ஐல்சாவின் பட்டையில் திருப்பவேண்டிய தேதி இருந்தது. என்னுடையதில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

வெந்நீர்க் குழாயின் முனகல் நின்றுவிட்டது. படிக்கட்டில் ஈரக்கால்கள் இறங்கி வருகின்றன. ஒருவர் அல்ல.

சின்னக் கால்களும் இருக்கின்றன.