இரைக்கயிறு

அந்தப் புறா ஒரு முழ உயரம் எழும்பி, இறக்கை படபடக்க, யாரோ இழுத்துப் போட்டதுபோல அதே இடத்தில் விழுந்தது. மறுபடி எழும்பியது. மறுபடி விழுந்தது. சலாலா மலைக்கு அப்பால், அரபு நாட்டுப் பாலையில், வெள்ளையடித்த கற்களை ஓரத்தில் வரிசையாய் வைத்திருந்த நடைபாதையில் நின்று நிஜாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்; வெயில் இறங்கும் நேரத்து மணலிலிருந்து சூடேறிய தகர வாசனையும், எங்கோ மிகப் பக்கத்தில் நாள்பட்ட வேர்வை நாற்றமும் வந்தன, ஆனால் கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. வேட்டை சீசன் என்பதால், துப்பாக்கிக்காரர்களுக்குத் தூரத்திலேயே தெரியட்டும் என்று, மகள் ஷஹீராவுக்குத் தான் குடோனில் போடும் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிட்டிருந்தான். முட்டுவலிக்காரி மனைவி ஜுலைஹா பீவி காரிலேயே இருந்துவிட்டாள்.

போன் அடித்தது. கடையில் கூட வேலை பார்க்கும் கௌஸ் முகைதீன்; நிஜாமை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்பான்.

"காக்கா, குடோன் சாவியைப் பையில போட்டுக்கிட்டு ஊர் சுத்துறீங்களா?"

"மேசைக்கு அடியில பாருடா. இங்க ஒரு புறா கட்டிப்போட்ட மாதிரி குதிக்குது."

"ராஜாளி பிடிக்கிறவனுங்க. கிட்டப் போயிராதீங்க. ஆளு மண்ணுக்குள்ள புதைஞ்சு படுத்திருப்பான். மூச்சு விட மூஞ்சி மேல ஒரு செடி. கயித்தைச் சுண்டுவான், புறா குதிக்கும். ராஜாளி எறங்கினதும் காலைக் கப்புன்னு பிடிச்சிருவான். நீங்க போனா உங்க காலுதான்!"

காற்றுக்கு முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருந்த நிஜாம் சிரித்தபடியே திரும்பினான்.

ஷஹீரா இல்லை.

அவள் செருப்புத் தடம் கற்களைத் தாண்டி, புறா குதித்த இடத்துக்குப் போயிருந்தது. புறாவும் இல்லை. அங்கிருந்து தடம் தடமாக இல்லை. மணல்மேட்டின் மேல் இழுபட்டுப் போன ஒரே கோடு.

ஏறினான். மறுபக்கச் சரிவில் ஆரஞ்சு நிறம். ஷஹீரா எழுந்தாள். கால் வெடுக்கென்று இழுபட, விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள்.

"யா அகி! சகோதரா! பச்சப்புள்ள! விட்டுரு!" அரபியில் கெஞ்சினான். இந்தியில் கெஞ்சினான். தமிழில் கெஞ்சினான்.

அவளைச் சுற்றி வெறும் மணல். ஒரு செடி இல்லை. மூச்சு விட ஒரு புல் இல்லை.

"வாப்பா, வராதீங்க!"

இரைதான். தெரிந்தது. ஓடினான்.

அவள் கணுக்காலில் கயிறு. பல்லால் கடித்தான். உப்பு. மயிர் நாற்றம். அறவில்லை.

மணல் அவன் பாதத்தை மூடியது. உள்ளிருந்து கணுக்காலைப் பிடித்தன விரல்கள். பிறகு, இன்னும் விரல்கள்.

கயிறு தளர்ந்தது.

"ஓடு! பாதைக்கு ஓடு!"

அவள் பாதைக்குப் போகவில்லை. சரிவுக்குக் கீழே நின்ற காரைப் பார்த்துக் குறுக்கே ஓடினாள். "உம்மா! உம்மா!"

மணல் அவனை உள்ளே இழுத்தது. முழங்கால். இடுப்பு.

அவள் பின்னால் கயிறும் ஓடியது. அவன் நெஞ்சோரத்து மணலிலிருந்து உருவி, உருவி. முடியவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்தான். உள்ளங்கை கிழிந்தது. நிற்கவில்லை.

கார்க்கதவு திறந்தது. கத்த வாயைத் திறந்தான். மணல்.

கயிறு தானாக நின்றது. விறைத்தது. தூரத்தில் ஷஹீரா குப்புற விழுந்தாள்.

ஜுலைஹா பீவி நொண்டி நொண்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மணலில் இறங்கினாள்.