அவசரத்துக்கு ஒரு பிணம்

தொலைபேசி அலறியது.

சத்தியபாமா இன்னும் குடையைக்கூட மடக்கவில்லை. ஈரக் கையோடு எடுத்தாள்.

"மேல்ஓயா பிரதேச சபை. கொள்முதல் பிரிவு..."

"மிஸ், கல்லுமலைத் தோட்டத்துல இருந்து பேசுறேங்க. பாலத்துக்கு அடியில ஒரு பொம்பள செத்துக் கெடக்குறா."

"எந்தப் பாலம்?"

"நமக்கு எத்தன பாலம் இருக்கு மிஸ்?"

இணைப்பு அறுந்தது.

சத்தியபாமா நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

கல்லுமலைப் பாலம்...

பதுளை மாவட்டத்து மலைகளுக்குள் ஒளிந்து கிடந்தது அந்தச் சின்னச் சபை. அங்கே சாமான் வாங்குவதும் டெண்டர் கோருவதும் அவள் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அன்றே அவள் தலையில் விழுந்த வேலை அந்தப் பாலம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் மேல் பழைய தொங்குபாலம். பலகைகள் உளுத்து, நடுவில் ஓர் ஆள் விழும் அளவுக்கு ஓட்டை.

முதலில் டெண்டர் கோரினார்கள். அந்த மலைக்கு எவரும் வரவில்லை.

மறுபடி கோரினார்கள். ஒரே ஒருவர் வந்தார். போட்டியில்லை என்று ரத்து.

இன்னொரு முறை கோரினார்கள். வந்த விலையெல்லாம் மதிப்பீட்டைத் தாண்டியது. அதுவும் ரத்து.

நடுவில் ஒரு வருடம், பாலம் தோட்டத்துக்குச் சொந்தமா சபைக்குச் சொந்தமா என்ற கேள்வியிலேயே கழிந்தது.

இப்போது ஒரு பிணம்.

சபை ஜீப் தார் ரோட்டு முடிவில் நின்றது. சத்தியபாமா பாலத்தில் ஏறவில்லை. கரையோரமாகச் சறுக்கிக்கொண்டே பாறைகளுக்கு இறங்கினாள்.

கம்பளியால் மூடியிருந்தார்கள். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வெடித்த பாதம்.

"காலையில வேலைக்குப் பெரட்டுல பேர் குடுக்கப் போன பொம்பளைங்க பாத்திருக்காங்க மிஸ்," என்றான் சப் இன்ஸ்பெக்டர் ரஜீவ். பதுளைக்காரன். பேச்சில் அலட்டல் கிடையாது. "இருட்டோட வந்திருப்பா. ஓட்டையில கால விட்டிருப்பா. பேரு கருப்பம்மா."



கருப்பம்மாவை அவளுக்குத் தெரியும். போன மாதம் புருஷன் அழகரோடு சபைக்கு வந்தவள். பாலம் எப்ப வரும் என்று கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அன்று சத்தியபாமாவுக்குக் களைப்பு. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"டெண்டர் இல்லாமல் செய்யிறதெண்டா அவசரம் எண்டு காட்டவேணும் அம்மா. வெள்ளம், மண்சரிவு, உயிர்ச்சேதம்... அப்படி ஏதும் நடந்தாத்தான்."

கருப்பம்மா சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு.

"அப்ப யாராச்சும் செத்தாப் போதுமா மிஸ்? இத முந்தியே சொல்லியிருக்கலாமே."

அந்தச் சிரிப்பு இப்போது கம்பளிக்குள் கிடந்தது.

அழகர் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் குந்தியிருந்தார். அழவில்லை. மனைவியின் பக்கம் திரும்பவுமில்லை. அவர் பார்வை முழுவதும் மேலே தொங்கிய பாலத்தில் இருந்தது...

சபைச் செயலாளர் நல்லையா கெட்டவர் அல்ல. எதிலும் அவசரப்படாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவசரக் கொள்முதலோ? சட்டத்தில இடமிருக்கோ பிள்ளை?"

"இருக்கு சேர். உயிர்ச்சேதம் நடந்திருக்கு."

"ஆர் கட்டுறது?"

"பெரகலையில முஸ்தாக் எண்டு ஒருத்தர். இரும்புக்கடை. தொங்குபாலம் கட்டின அனுபவம் இருக்கு. உடனே தொடங்குவார்."

கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியது. பேனா இறங்கியது. கையெழுத்து விழுந்தது.

அவ்வளவுதான்!

எத்தனையோ கூட்டங்களில் நகராத பாலம் ஒரே மத்தியானத்தில் நகர்ந்துவிட்டது. சத்தியபாமாவுக்குச் சந்தோஷம் வந்தது. வந்த சந்தோஷத்தை நினைத்து உடனே வெட்கமும் வந்தது.

அந்தி சாய்வதற்குள் முஸ்தாக் பேசினார். "மிஸ், கம்பிய லொறில ஏத்த ஆள் போட்டுட்டேன். அந்த ஆத்துல இனி ஒருத்தர் விழப்படாது."

மறுநாள் ரஜீவ் சபைக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

"மிஸ், அது விபத்து இல்ல."

"என்ன?"

"பிரேத பரிசோதனை முடிஞ்சிருச்சு. விழுந்த காயம் நெறைய இருக்கு. ஆனா ரத்தக்கட்டே இல்ல. செத்த உடம்புல பட்ட காயம்னு டாக்டர் சொல்றாரு."

"அப்படியெண்டா..."

"விழுறதுக்கு முந்தியே செத்துட்டா. யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "புல்லுக்கு அடிக்கிற வெஷ மருந்து குடுத்தாங்களான்னு பாக்கணும். சாம்பிள் கொழும்புக்குப் போயிருக்கு. புருஷனப் புடிச்சு வச்சிருக்கோம். வாயத் தொறக்க மாட்டேங்குறான். ஒன்னே ஒன்னுதான் கேக்குறான்."

"என்ன கேக்கிறார்?"

"உங்களப் பாக்கணுமாம்."

பொலிஸ் நிலையத்தின் பின்னறை. ஒரு பெஞ்சு. அழகர் எழுந்து நின்றார். ரஜீவ் வெளியே வராந்தாவுக்குப் போனான்.

"ஓர்டர் போயிருச்சுங்களா மிஸ்?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

"போயிட்டுது. அதை விடுங்கோ. கருப்பம்மாவுக்கு என்ன நடந்தது?"

அழகர் கதவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வெடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா. வேர்த்து ஊத்துச்சு. ரோட்டுக்குப் போயிட்டா ஆட்டோ புடிச்சு பெரியாஸ்பத்திரிக்குப் போயிரலாம். முதுகுல தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன். பாலத்துல ஏறுனேன். ரெண்டாளு பாரம் மிஸ்... பலக கால வச்ச எடத்துல எல்லாம் முறிஞ்சிச்சு. நடு ஓட்டை வரைக்கும் போனேன். தாண்ட முடியல. திரும்பி வந்தேன். பேக்டரியச் சுத்திப் போவமுன்னு நெனச்சேன்."

நிறுத்தினார்.

"கரையில எறக்கி விடச் சொன்னா. எறக்குனேன். அந்த மிஸ் சொன்னிச்சில்ல, ஞாபகம் இருக்கான்னா. நான் போயிருவேன், என்னயப் பாலத்துக்கு அடியில போட்டுரு, புள்ளைங்களாச்சும் பயமில்லாம பள்ளிக்கூடம் போகட்டும்னா. சிரிச்சா மிஸ். அந்த நேரத்துலயும்..."

சத்தியபாமா ஓரடி முன்னால் வந்தாள்.

"அவள் உயிர் போன பிறகுதானே?"

"ஐயோ, அப்பறந்தாங்க. வெளிச்சம் வர்ற வரைக்கும் மடியில வச்சிருந்தேன். ஆளு நடமாட்டம் கேட்டிச்சு. அப்பறந்தான் போட்டேன். அவளக் கொன்னது அந்தப் பாலந்தான் மிஸ். நான் பொய் சொல்லல. எடத்த மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சேன்."

"இதை இன்ஸ்பெக்டரிட்டச் சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ. கொலைக்கேஸ் போடப் போறாங்கள்!"

"சொல்லப்படாது மிஸ்."

"என்ன விசர்க்கதை இது?"

"அவ நெஞ்சு வலி வந்து செத்தான்னு தெரிஞ்சா பாலத்த நிப்பாட்டிருவாங்க. கட்டி முடியட்டும். அதுவரைக்கும் நான் கொலகாரனாவே இருந்துட்டுப் போறேன்." கையைக் கூப்பினார். "நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதும்."

வெளியே வந்தவளை ரஜீவ் ஏறிட்டான்.

"என்ன சொன்னான்?"

சத்தியபாமா குடையை விரித்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றாள்.

அழகரைப் பதுளைச் சிறையில் மறியலில் வைத்தார்கள்.

லொறி கல்லுமலைக்குப் போகவில்லை.

முஸ்தாக்தான் முதலில் சொன்னார். "மிஸ், செயலாளர் பேசினார். கம்பிய எறக்கிட்டு நிக்கச் சொன்னார். என்ன வெளையாட்டு இது?"

சத்தியபாமா செயலாளரின் அறைக்குள் கேட்காமலே நுழைந்தாள்.

"சேர், கையெழுத்து வைச்சது நீங்கள்!"

நல்லையா பதறவில்லை. "இருங்கோ பிள்ளை. பத்திரிகை பார்க்கேல்லையோ? கொலையாம். புருஷன்காரன் மறியல்ல."

"அதுக்கு?"

"அவன் கொலை செய்ததுக்குப் பாலம் என்ன செய்யும்? உயிர்ச்சேதம் பாலத்தாலை நடக்கேல்லை. அவசரம் எண்ட காரணம் போச்சு. நாளைக்குக் கணக்காய்வுக்காரன் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"



வாயை மூடினால் பாலம் வரும் என்று அழகர் நம்பினார். அவளும் நம்பினாள். வாயை மூடியதால்தான் பாலம் போயிற்று!

அழகருக்காகக் காத்த ரகசியம் அந்த நொடியில் உடைந்தது.

"கொலை இல்லை சேர். அவ நெஞ்சு வருத்தத்தில செத்தவ. பாலம் தாண்ட ஏலாமல் கரையில செத்தவ. அவர்தான் தூக்கிக் கீழை போட்டவர். அவ கேட்டுக்கொண்டபடி..."

முழுவதையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

நல்லையா கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பாவம்," என்றார். "ஆனா பிள்ளை... வருத்தத்தில செத்ததெண்டா, பாலத்தாலை சாகேல்லைத்தானே?"

"சேர்..."

"கொலையெண்டாலும் பாலமில்லை. வருத்தமெண்டாலும் பாலமில்லை. விழுந்து செத்திருந்தா மட்டுந்தான் நான் கையெழுத்து வைக்கலாம். அப்படி ஒரு சட்டம். நான் எழுதினதில்லை."

சத்தியபாமா கதவுப் பக்கம் திரும்பினாள். 

"ஆனா ஒண்டு," நல்லையா பேனாவை எடுத்தார். "பாலம் ஆபத்து எண்டு இப்ப சபைக்குத் தெரியும். இனி ஆராவது விழுந்தா எங்கட தலைதான் உருளும். அதுக்கு அவசரமா ஒரு ஒழுங்கு செய்யவேணும்."

செய்தார்கள். அந்த அவசரத்துக்கு மட்டும் மூன்று விலைமனுக்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. போட்டி இருந்தது. விலை மதிப்பீட்டுக்குள் அடங்கியது. ஒரு குறையும் சொல்ல முடியாத கொள்முதல். சத்தியபாமாவின் கையெழுத்தோடுதான் போனது.

அன்றே அவள் பொலிஸ் நிலையத்துக்கும் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ரஜீவ் எழுதிக்கொண்டான்.

"நான் நம்புறேன் மிஸ். கொழும்பு ரிப்போட் வராம கோர்ட்டு நம்பாது."

ரிப்போட் ஆடி அசைந்து வந்தது. விஷம் இல்லை. மாரடைப்பு. அழகரை விட்டார்கள்.

சிறை வாசலில் சத்தியபாமா நின்றாள். அவர் மெலிந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. கேட்டது அதே கேள்வி.

"பாலம் முடிஞ்சிருச்சுங்களா?"

 "வாங்கோ," என்றாள்.

பஸ்ஸில் முழு வழியும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தார் ரோட்டு முடிவில் இறங்கினார்கள்.

பாலம் அப்படியே தொங்கியது. அழகர் முறித்த பலகைகளின் இடத்தில் புது ஓட்டைகள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டைகளைத் தாண்டித் தாண்டி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கரையில், சீமெந்துக் கட்டில் இரண்டு இரும்புத் தூண்கள். நடுவே அகலமான புத்தம் புது மர அறிவிப்புப் பலகை. மூன்று மொழியிலும் சிவப்பு எழுத்து.

'பாலம் ஆபத்தானது. பயன்படுத்துவது தடை. பிரதேச சபை.'

அழகர் எழுத்துக் கூட்டி வாசித்தார். கிட்டப் போனார். விரலை மடக்கிப் பலகையைத் தட்டினார். டொக்கென்று கனத்த சத்தம் வந்தது.

"தேக்குங்களா மிஸ்?"

"ஓம்..." சத்தியபாமா தலையைக் குனிந்தாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அழகர் பலகையின் நீளத்தைச் சாணால் அளந்தார். பாலத்தின் நடு ஓட்டையை ஒரு தடவை பார்த்தார்.

"அளவெல்லாம் சரியாத்தான் மிஸ் வாங்கியிருக்காங்க. படுக்கப் போடுறதுக்குப் பதிலா நட்டு வச்சுட்டாங்க, அவ்வளவுதான்."